பொருள்: திருவக்கரைக் கல்மரமும் பேராசிரியர் பீர்பல் சாஹ்னியும்

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஊர் திருவக்கரையின் கல்மரப் பூங்காவைப் பற்றிக் குழுவில் பேச்சு எழுந்ததும், அங்கே கிடக்கும் கல்லாகிப்போன மரங்கள் வக்கிராசுரன் என்ற அசுரனின் எலும்புகள் என்று பாட்டிமார் சொன்ன கதையைப் பலரும் எழுதினீர்கள். அந்தக் கதை நம்முடையது, அதை விட்டுவிடக் கூடாது. கூடவே, அதே கற்களை வேறு விதமாகப் படித்த ஒரு மனிதரையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி, இந்தியாவில் கல்லாகிப்போன ஊசியிலை மரங்களை மறு ஆய்வு செய்து 1931இல் எழுதினார். அதில் நம் திருவக்கரை மரம் ஒன்றும் இடம்பெற்றது. மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என்பது அவர் அதற்கு இட்ட பெயர்.

கல்லைப் பார்த்து மரத்தின் இனத்தை எப்படிச் சொல்வது? சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்தன. அதனால்தான் அங்கே கிடக்கும் அடிமரங்களில் வேரும் கிளையும் இல்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல உள்ளே ஊறி, செல்களின் வடிவம் குலையாமல் கல்லாக்கிவிட்டது. அந்தக் கல்லில் ஒரு சீவலை அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் உள்கட்டு அப்படியே தெரியும். சாஹ்னியின் வாழ்நாள் இந்த வேலையில்தான் கழிந்தது.

அவர் 1891 நவம்பர் 14 அன்று இன்றைய பாகிஸ்தானிலுள்ள பேரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ருசி ராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர்; சாதாரண மக்களுக்குப் பஞ்சாபி மொழியிலேயே அறிவியல் சொற்பொழிவு செய்தவர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை இமயமலைக்கு நடத்திக் கூட்டிப் போவார். மகன் ஆங்கிலேய அரசின் உயர் குடிமைப் பணியான ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்று அவருக்கு எண்ணம் இருந்தது. மகனோ தாவரவியல்தான் என்றார். தந்தை வழிவிட்டார். இன்றைக்கும் நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி வழிவிடுவோம்?

1911இல் கேம்பிரிட்ஜ் சென்று, தாவரப் புதைபடிவங்களை ஆராய்ந்த பேராசிரியர் சீவர்டிடம் பயின்று, 1919இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு சாவித்திரி சூரியை மணந்தார். 1921 முதல் இறுதி வரை லக்னோதான். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கல் தேடிப் போகும் பயணங்களிலும் வெளிநாடுகளுக்கும் சாவித்திரி உடன் சென்றார். சாஹ்னியின் தம்பி முல்க் ராஜ் நிலவியலாளர் ஆனார். அவர் மகன் அசோக் சாஹ்னி இந்திய டைனோசர்களை ஆராய்ந்து பெயர்பெற்றவர். ஒரு குடும்பமே மண்ணுக்குள் இருப்பதைத் தேடிக்கொண்டிருந்தது.

இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப் பகுதியில் நிப்பானியா என்ற சிற்றூர். அங்கே கல்லாகிப்போன தண்டு, இலை, காய்க்கொத்து எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தது. இவை ஒரே தாவரக் கூட்டத்தின் உறுப்புகள் என்பதைத் திசுக்களை ஒப்பிட்டுக் காட்டி, அதுவரை யாரும் அறியாத பென்டாக்சிலே என்ற தாவரப் பிரிவை 1948இல் உலகுக்கு அறிவித்தார் சாஹ்னி. அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிதறிய துண்டுகளை வைத்து முழுச் செடியை மீட்டெடுக்க அபாரப் பொறுமை வேண்டும். ரோதக் அருகே கொக்ராகோட் மேட்டில் பழங்கால நாணய வார்ப்பு அச்சுகளைக் கண்டெடுத்து, நாணயம் வார்த்த முறையை விளக்கி நூல் எழுதியவரும் இவரே!

1936இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லுவது 1946ஐப் பற்றித்தான். தொல்தாவரவியலுக்கென்று, அதாவது கல்லாகிப்போன பழங்காலத் தாவரங்களைப் படிக்கும் துறைக்கென்று, ஒரு நிறுவனம் வேண்டும் என்று கணவனும் மனைவியும் தங்கள் சொத்து, நூலகம், சேகரித்த கற்கள் அனைத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1949 ஏப்ரல் 3 அன்று நேரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லில் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த புதைபடிவங்களைப் பதித்திருந்தார் சாஹ்னி. ஒரு வாரம்கூட முழுதாகக் கழியவில்லை, மாரடைப்பில் காலமானார். வயது 57.

நிறுவனத்தைச் சாவித்திரி தாங்கினார். 1969 வரை தலைமைப் பொறுப்பில் இருந்து அதை வளர்த்தார். 1953 ஜனவரியில் நேருவே வந்து கட்டடத்தைத் திறந்துவைத்தார். லக்னோவில் இன்றும் அது பீர்பல் சாஹ்னி பெயரில் இயங்குகிறது. பெயர்ப்பலகையில் சாவித்திரியின் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள், சந்திரமௌலீசுவரர் கோயிலிலிருந்து பக்கம்தான். நினைவுக்கென்று ஒரு சில்லுகூட எடுத்துவர வேண்டாம், அது தேசிய நிலவியல் சின்னம். ஊர்ப் பள்ளியில் கல்மரம் பற்றியும் சாஹ்னி தம்பதியர் பற்றியும் ஒரு பலகை வைக்கலாமா? வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், செலவில் பாதியையும் ஏற்கிறேன். தலைமையாசிரியரிடம் பேச ஊரில் இருக்கும் யாராவது முன்வந்தால் நலம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன், மெல்போர்னிலிருந்து