பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது, இப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

கெண்டைக்கால்:

வணக்கம். ஆறு நாளைக்கு முன்னால் குடியிருப்பின் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டு நாய் பின்னாலிருந்து வந்து வலது கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பெரிய நாய். கழுத்தில் சங்கிலி இருந்தது, ஆனால் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான்கு பல் பதிந்திருக்கிறது, அதில் இரண்டு நல்ல ஆழம். என் வேலை முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை, அதனால் ஆறு நாளாகப் போகவில்லை, போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது.

நாய்க்காரர் மோசமான மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான், பில் கட்டியதும் அவர்தான். நேற்று சாயங்காலம் ஒரு தாளோடு வந்தார். "சிகிச்சைச் செலவைப் பெற்றுக்கொண்டேன், இது சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று எழுதியிருந்தது. கூடவே கொஞ்சம் பணம். பேச்சோடு பேச்சாக மூன்று காரணம் சொன்னார். ஒன்று, நாய் இதுவரை யாரையும் கடித்ததே இல்லை, முதல் கடிக்குச் சட்டப்படி உரிமையாளர் பொறுப்பில்லை. இரண்டு, கதவில் "நாய் ஜாக்கிரதை" பலகை இருக்கிறது. மூன்று, நான் தடதடவென்று இறங்கியதால்தான் அது மிரண்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வழக்கு, கோர்ட் என்றெல்லாம் அலைய எனக்கு ஆசையில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்றும் உண்மைதானா?

சோப்பும் தண்ணீரும்:

சட்டம் இருக்கட்டும், காயத்தை முதலில் பேசுவோம். வெறிநோய் உள்ள நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் தடுப்பூசி ஆரம்பித்தாகிவிட்டதா? தோல் கிழிந்து பல் இறங்கிய கடியை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகை என்று வைத்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்திலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்பொருள்) ஏற்ற வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அதனால் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் அந்த நாய் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் இன்னும் நான்கு நாள் பாக்கி. அதுவரை நாயை வேறு எங்கும் அனுப்பிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

கூடவே ஒன்று. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். "காலில் காயம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால், மறுபடி காட்டப் போகும்போது நாய் கடித்தது, யார் வீட்டு நாய், எங்கே, எப்போது என்று சொல்லி அந்த விவரத்தையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். நான் வார்டில் வேலை பார்ப்பவள். ஒரு வரி எழுதாமல் விட்டதால் ஒரு வருஷம் கழித்து ஆவணம் கேட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ்காரன்:

வக்கீல் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன், ஆனால் உங்கள் வக்கீல் நான் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பொதுவாகத்தான் பேச முடியும்.

கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் சொன்ன முதல் காரணத்துக்கு வருகிறேன். "முதல் கடி இலவசம்" என்ற பேச்சு பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டம்) வந்தது. நாய்க்கு ஆபத்தான குணம் உண்டு என்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால்தான் அவர் பொறுப்பு என்பது அந்த விதி. பல இடங்களில் இது காலாவதியான சரக்கு. கலிபோர்னியாவின் சிவில் சட்டத்தில் 3342ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்திலோ, சட்டப்படி நீங்கள் இருக்க உரிமையுள்ள தனியார் இடத்திலோ நாய் கடித்தால், அது முன்பு யாரையாவது கடித்ததா, உரிமையாளருக்குத் தெரியுமா என்ற பேச்சே இல்லாமல் அவர் பொறுப்பு. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 833ஆம் பிரிவு வளர்ப்பு நாய்க்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது, தொழிலுக்காக வளர்க்கும் விலங்குக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. பிரான்சில், நாய் கையை மீறி ஓடிப்போயிருந்தாலும் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 1971ஆம் வருஷத்து விலங்குகள் சட்டத்தில் "தெரிந்திருந்ததா" என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கேள்வி இருக்கும் இடத்திலும் "கடித்ததில்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒன்றல்ல. முன்பு யார் மேலாவது பாய்ந்திருந்தால், பல்லைக் காட்டி உறுமியிருந்தால், அது அவருக்குத் தெரிந்திருந்தால், அதுவே போதுமானதாக இருக்கலாம். அதுவும் இல்லை என்றால் கவனக்குறைவு என்ற தனி வழி இருக்கிறது. பொதுப்படியில் நாய் ஆளில்லாமல் சங்கிலியை இழுத்துக்கொண்டு சுற்றியது ஏன் என்று அவர்தான் விளக்க வேண்டிவரும்.

பலகை விஷயம் வேடிக்கையானது. கதவில் தொங்கும் பலகை கதவுக்குள் நுழைகிறவருக்குத்தான் எச்சரிக்கை, நீங்கள் நின்றது படியில். 1970களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ராத்திரி பூட்டிய பழைய கார் உடைக்கும் கிடங்குக்குள் உரிமையில்லாமல் போன ஒரு பெண்ணைக் காவல் நாய் கடித்தது, பலகையும் இருந்தது, மேல்முறையீட்டில் அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் அவர் அத்துமீறி நுழைந்தவர், உங்கள் கதை வேறு. போதாக்குறைக்கு, அந்தப் பலகையே உங்கள் நாய்க்காரருக்கு எதிராகத் திரும்பலாம், சாதுவான நாய் என்றால் எதற்கு ஜாக்கிரதை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

மூன்றாவது காரணம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நாயை அடித்தது, வாலை மிதித்தது, கல்லெறிந்தது எல்லாம் சீண்டல், அதைக் காட்டினால் பல இடங்களில் இழப்பீடு குறையும் அல்லது கிடைக்காமலே போகும். படியில் வேகமாக இறங்குவது சாதாரணமாகச் சீண்டலில் சேராது, ஆனால் "நான் ஓடியதால்தான் இருக்கும்" என்று நீங்களே அவருக்கு மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள்.

வாலாட்டி:

நாய் வளர்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். அந்தத் தாளைச் சூழ்ச்சி என்று பார்க்க வேண்டாம், பயத்தில் இணையத்திலிருந்து எடுத்ததாகக்கூட இருக்கும். பணத்தைவிட நாயைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்களோ என்றுதான் எங்களுக்கு முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இழப்பீடு கேட்பது வேறு, நாயை ஆபத்தானது என்று அறிவிக்கக் கேட்பது வேறு என்று அவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பதற்றம் போய்விடும்.

அப்புறம், அவரிடம் வீட்டுக் காப்பீடோ நாய்க்கென்று தனிப் பொறுப்புக் காப்பீடோ இருக்கிறதா என்று கேளுங்கள். பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் நாய் வைத்திருந்தாலே அந்தக் காப்பீடு கட்டாயம். வேறு இடங்களில் வீட்டு பாலிசிக்குள்ளேயே அது அடங்கியிருக்கலாம், சில நிறுவனங்கள் சில இன நாய்களை விலக்கியும் வைத்திருக்கும். இன்னொன்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பல பாலிசிகளில் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் உரிமையாளர் தானாகத் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் கொடுத்து முடிக்கவோ கூடாது என்று நிபந்தனை உண்டு. அந்தத் தாளால் நஷ்டப்படப்போவது அவராகவும் இருக்கலாம்!

மடங்காத விரல்:

நான் கையெழுத்துப் போட்டவன். தெரிந்தவர் வீட்டு நாய், வலது கை, பார்க்கச் சின்னதாக இரண்டு ஓட்டை. ஐந்தாம் நாள் "முகம் கோணக் கூடாதே" என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். எட்டாம் நாள் கை வீங்கிச் சிவந்தது, உள்ளே சீழ். நாய்ப் பல் குறுகிய ஓட்டையாக ஆழம் வரை இறங்குவதால் மேலே மூடிக்கொண்டு உள்ளே கிருமி தங்கிவிடும், கையில் தசைநாணும் மூட்டும் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் இன்னும் மோசம் என்று அப்புறம்தான் மருத்துவர் விளக்கினார். அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் வேலையில்லை, நடுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. தாளைக் காட்டினார்கள். "கோரிக்கை இல்லை" என்பது அன்றைக்குத் தெரிந்த காயத்துக்கு மட்டுமல்ல, தெரியாததற்கும் சேர்த்துத்தானாம்.

காயம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் அதற்கு விலை பேசாதீர்கள் அய்யா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கெண்டைக்கால்:

எல்லோருக்கும் நன்றி. தடுப்பூசி ஆரம்பித்தாகிவிட்டது, காயத்தைச் சுற்றியும் போட்டார்கள் (கடியைவிட அது வலித்தது, பொய் சொல்லவில்லை). சீட்டில் நாய்க்கடி என்று இருக்கிறது, யார் வீட்டு நாய் என்று இல்லை, நாளைக்கே கேட்கிறேன்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். கடித்த அன்று ராத்திரி அவர் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். "மன்னிக்கவும், போன மாதம் கூரியர்க்காரர் மேல் பாய்ந்தபோதே பையனிடம் சொன்னேன், சங்கிலியை விடாதே என்று." இது உதவுமா? அப்புறம், நான் என்னவெல்லாம் கேட்கலாம்? பில் தவிர வேறு ஏதாவது உண்டா?

நோட்டீஸ்காரன்:

உதவுமாவா! அவர் கதவைத் தட்டி எழுதிக் கொடுத்த மாதிரி. நாயின் குணம் தெரியும், சங்கிலியை யார் விட்டார்கள் என்பதும் தெரியும், இரண்டும் ஒரே வரியில். தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஓர் இடத்திலும் சேமியுங்கள். போன் தொலைந்தால் போச்சு. ஆனால் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே ஆரம்பிக்கும் சண்டை வேறு திசையில் போகும்.

கேட்கக்கூடியவை: இதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு (அடுத்த ஊசிகள், கட்டு மாற்றுவது, தழும்புக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அது), போய்வந்த வண்டிச் செலவு, இழந்த சம்பளம், கிழிந்த துணி. இவை கணக்குப் போட்டுக் காட்டக்கூடியவை. வலி, தழும்பு, நாயைக் கண்டால் வரும் நடுக்கம் ஆகியவற்றுக்கும் பல நாட்டுச் சட்டங்களில் இழப்பீடு உண்டு, அதற்கு ரசீது கிடையாது என்பதால் வேறு விதமாகக் காட்ட வேண்டும். காயத்தை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, இன்று, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துப் படமெடுங்கள். ராத்திரி தூங்கவில்லை என்றால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள், துவைத்தாகிவிட்டது என்றால் தூக்கியாவது போடாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் விடுப்பு நாள்களுக்கு ஒரு கடிதம். படியில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்கு முன்னால் இன்றைக்கே கேளுங்கள், பல கருவிகள் சில நாளில் பழையதன் மேலேயே பதிந்துவிடும்.

காலக்கெடு உண்டு. இங்கிலாந்தில் இந்த மாதிரிக் காயத்துக்குப் பொதுவாக 3 வருஷம், குழந்தை என்றால் அந்தக் கணக்கு 18 வயதிலிருந்துதான் ஓடும். உங்கள் நாட்டில் எவ்வளவு என்று முதல் வேலையாக விசாரியுங்கள். காலம் இருக்கிறது என்பதற்காக உட்கார்ந்துவிடவும் வேண்டாம், சாட்சிகள் வீடு மாறிப் போவார்கள்.

கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த மாதிரி விவகாரங்களில் நிறைய, கடிதத்திலும் காப்பீட்டுக்காரரோடு பேசுவதிலுமே முடியும்.

தெருமுனை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தெருநாய் கடித்தால்? யார் மேல் கேட்பது?

நோட்டீஸ்காரன்:

தனி இழையே போடலாம். சுருக்கமாக: உரிமையாளர் இல்லாத இடத்தில் கேள்வி உள்ளாட்சியை நோக்கியும் அரசை நோக்கியும் போகும். இந்தியாவில் 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று கணக்கே வகுத்தது. எல்லா மாநிலத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. வளர்ப்பு நாய் என்றால் அங்கே புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289) உரிமையாளரின் அலட்சியத்துக்குத் தண்டனையும் உண்டு, ஆனால் அது குற்றவியல், அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டால் நஷ்டஈடும் தானாக வரும் என்று காத்திருந்து காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

கெண்டைக்கால்:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். மேலே போய் நேராகப் பேசினேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காயம் ஆறும்வரை எதிலும் கையெழுத்துப் போட முடியாது, நாய்க்கு எதிராக எதுவும் கேட்கப்போவதில்லை என்றேன். வாலாட்டி சொன்னது சரி, அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் மனிதர் உட்கார்ந்தேவிட்டார். வீட்டு பாலிசியை எடுத்துப் பார்த்தோம், நாயும் அதில் வருகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அவரே தெரிவித்துவிட்டார், இப்போது அவர்கள் என்னைப் போனில் பேசச் சொல்லிப் பதிவுசெய்யப் பார்க்கிறார்கள், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் கொடுத்த பணத்துக்கு "முதல் நாள்களின் சிகிச்சைச் செலவுக்காக மட்டும்" என்று ரசீது எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கிறேன்.

10 நாள் தாண்டிவிட்டது, நாய் நலமாக இருக்கிறது. இன்று காலை படியில் எதிரே வந்தது, வாய்க்கூடு போட்டு, சங்கிலியை அவரே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து வாலாட்டியது. நான் திரும்பி மேலே ஏறிவிட்டேன். நோட்டில் எழுதியாகிவிட்டது.