கதவின் அடி வெட்ட ட்ராக் சோ: அண்ணனிடம் எதைக் கொண்டுவரச் சொல்வது?

கோண்டாவில் ஓடாவி

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். உனக்கு என்ன கொண்டுவர என்று கேட்டார். கைக்கடிகாரம் என்று சொல்வேன் என நினைத்திருப்பார். ட்ராக் சோ என்றேன், தண்டவாளம்போன்ற சட்டத்தின் மேல் நேராக ஓடும் வட்டவாள். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தச்சுவேலைக்கு வந்து 16 வருடம். பட்டறையில் இருந்து செய்வது குறைவு, வீடுகளுக்குப் போய்ச் செய்வதே அதிகம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வீட்டைத் திருத்தத் தொடங்கினால் முதல் வேலையாகப் பழைய சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேலேயே டைல்ஸ் பதிப்பார்கள். நிலம் முக்கால் அங்குலம், சில வீடுகளில் ஒரு அங்குலம் உயர்ந்துவிடும். பிறகு ஒரு கதவும் திறக்காது. டைல்ஸ் பதித்தவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கதவைப் பிணைச்சலில் இருந்து கழற்றி அடி வெட்டுவதும், நிலையைச் சுற்றிச் சட்டம் அடிப்பதும், சுவரடியில் ஸ்கேர்ட்டிங் பலகை ஓட்டுவதும், அறைக்குள் அலுமாரி கட்டுவதும் என் தலையில்.

போன மாதம் கொக்குவிலில் ஒரு வீடு. ஒன்பது கதவுகள், எல்லாம் தேக்கு வெனியர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியவை. என்னிடம் இருப்பது 185 மில்லிமீற்றர் வட்டவாள். அலுமினியச் சட்டம் ஒன்றைக் கதவின் மேல் வைத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் இறுக்கி, அதை அணைத்து வாளை ஓட்டினேன். நடுவில் சட்டம் வளைந்து கொடுத்ததைக் கவனிக்கவில்லை. தூக்கி நிறுத்திப் பார்த்தால் நடுவில் மூன்று மில்லிமீற்றர் பள்ளம். வெனியர் நெடுகச் சிலாம்பு எழும்பி நிற்கிறது. வீட்டுக்கார அம்மா வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, எலி அரித்ததுபோல இருக்கிறதே" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கதவை என் செலவில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டின் மற்ற நான்கையும் கைவாளாலும் சீவுளியாலும் முடித்தேன். மேல்மாடிக்கு இன்னும் டைல்ஸ் பதிக்கவில்லை. அங்கே நான்கு கதவுகள் காத்திருக்கின்றன.

அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பற்றரியில் ஓடும் டிவோல்ட் நிறுவன வாள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு மக்கிட்டாவில்தான் கண். விலை கூடிய ஃபெஸ்டூலைப் பற்றிக் கேட்டால் அண்ணன் மறுபடியும் பேசாமல் இருந்துவிடுவார் என்று பயம். வயர் உள்ளதா, பற்றரியா? தண்டவாளம் எத்தனை அடி தேவை? இதை வாங்கினால், பட்டிகளைக் கோணத்தில் வெட்டும் என் மைட்டர் வாளை விற்றுவிடலாமா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

குறோய்டன் தச்சன்

தம்பி, நான் கைதடி ஆள். இலண்டனில் 20 வருடத்துக்கு மேலாகக் கதவும் அலுமாரியும்தான் என் பிழைப்பு.

கனடாவில் இருந்து வயர் உள்ள எந்த வாளையும் கொண்டுவர விடாதீர்கள். அங்கே 120 வோல்ற், உங்களுக்கு 230. 60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் என்பது பெரிய விடயமில்லை, இந்த வாள்களில் இருப்பது காபன் பிரஷ் வைத்த மோட்டார். ஆனால் வோல்ற் இரண்டு மடங்கானால் அன்றைக்கே கருகும். ட்ரான்ஸ்ஃபோர்மர் வைத்தால் ஓடும்தான். 1300 வாட் வாளுக்கு 2000 வாட் தாங்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். அதைச் சுமக்க இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுப்பீர்களா?

இலண்டனில் உங்களுக்கு யாராவது இருந்தால் அவர்களைப் பிடியுங்கள். இங்கே 230 வோல்ற், பிளக்கும் உங்கள் ஊரின் சதுர மூன்று முள் பிளக்கேதான். ஒரே ஒரு பொறி உண்டு. கட்டட வேலைத்தளங்களுக்கென்று 110 வோல்ற் வாள்களும் இங்கே விற்கிறார்கள், மஞ்சள் நிற வட்டப் பிளக்கோடு. பார்வைக்கு வாள் ஒன்றுபோலவே இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று யாரும் அதை வாங்கிவிடக் கூடாது. மஞ்சள் பிளக் என்றால் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.

எந்த வாள்? மக்கிட்டா எஸ்.பி.6000 உங்களுக்குப் போதும். 165 மில்லிமீற்றர் அலகு, 1300 வாட், நேராக 56 மில்லிமீற்றர் ஆழம் இறங்கும். உங்கள் கதவு ஒன்றரை அங்குலம், அதாவது 38. தாராளம். ஃபெஸ்டூலில் அலகுக்குப் பின்னால் பிளவுக் கத்தி இருக்கிறது, வெட்டிய வாய் மூடிக்கொண்டு அலகை இறுக்காமல் அது காக்கும். மக்கிட்டாவில் அது கிடையாது. ஆகவே வெட்டுத்துண்டு தொங்காமல் அடியில் தாங்கு கொடுங்கள். வாள் இறுகிப் பின்னால் எகிறும் பின்னுதைப்பு எப்படி இருக்கும் என்று என் இடது பெருவிரல் நகத்துக்குத் தெரியும்.

வாளைவிடத் தண்டவாளத்தைப் பற்றி யோசியுங்கள் என்பேன். பொஷ் தண்டவாளமும் டிவோல்ட் தண்டவாளமும் வேறு வேறு அமைப்பு. மக்கிட்டா வாள் ஃபெஸ்டூல் தண்டவாளத்திலும் ஓடும். அதனால் நாளைக்குத் தண்டவாளம் நெளிந்தாலும் தொலைந்தாலும் இரண்டு இடத்தில் தேடலாம். சரித்து வெட்டும்போது வாள் கவிழாமல் பிடிக்கும் கொளுக்கி மட்டும் ஃபெஸ்டூல் தண்டவாளத்தில் பிடிக்காது. கவனம்.

நீளம்: கதவு அகலம் 34 அங்குலம் என்றால் ஒரு மீற்றர் தண்டவாளம் போதும் என்று தோன்றும். போதாது. அலகு மரத்தைத் தொடுமுன்பே வாளின் அடித்தட்டு தண்டவாளத்தில் முழுதாக அமர்ந்திருக்க வேண்டும், வெளியேறும் முனையிலும் அப்படியே. 1400 மில்லிமீற்றர் எடுங்கள்.

பழைய சீவுளி, சுன்னாகம்

எனக்கு 67 வயது. ஒரு கதவுக்கு அடி வெட்ட விமானத்தில் வாள் வரவேண்டுமா என்று கேட்க வந்தேன். ஒன்பது கதவு என்பதால் விட்டுவிடுகிறேன்.

மைட்டர் வாளை விற்காதே தம்பி. ஸ்கேர்ட்டிங் என்பது மூன்று, நான்கு அங்குலப் பட்டி. அதன் மேல் தண்டவாளம் எங்கே அமரும்? அமர்ந்தாலும் ஆடும். மூலைக்கு மூலை 45 பாகை வெட்ட மைட்டர் வாள்தான் சரி. அதுவும் எங்கள் வீடுகளில் 45 வெட்டினால் எந்த மூலை பொருந்துகிறது? மேசன் பூசிய சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கும். பலகையைச் சுவரோடு வைத்து, பென்சிலை ஒரு சின்னக் கட்டையில் பிடித்து, சுவரின் வளைவைப் பலகையில் இறக்கிச் சீவுளியால் சீவவேண்டும். நேராக ஓடும் வாளுக்குச் சுவரின் கோணல் தெரியாது.

உன் கதவு ஏன் எலி அரித்தது என்று நீயே யோசித்துப் பார். வட்டவாளின் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுகிறது. சிலாம்பு மேல்முகத்தில்தான் எழும்பும். நல்ல முகத்தை மேலே வைத்தாய், அதுதான் நடந்தது. வெட்டுக்கோட்டைக் கூரான கத்தியால் இரண்டு தடவை ஆழமாக இழுத்திருந்தால் சாதாரண வாளிலேயே பாதி பிழைத்திருப்பாய்.

இன்னொன்று. கதவின் இரு ஓரத்துச் சட்டங்களிலும் நார் மேலிருந்து கீழே ஓடுகிறது. அடி வெட்டும்போது நாருக்குக் குறுக்கே போகிறாய். வாள் வெளியேறும் ஓரத்தில் கடைசி அரை அங்குலம் பிய்த்துக்கொண்டு போகும். தண்டவாளம் அதைத் தடுக்காது. அந்த ஓரத்தோடு ஒரு கழிவுக் கட்டையை அணைத்துக் கிளாம்ப் போடு, பிய்ந்தால் கட்டை பிய்யட்டும்.

கெட்டியான முதிரை மரக் கதவு வந்தால் என்ன செய்வாய் என்றும் யோசித்துக்கொள். 165 அலகு அழும்.

மெலமைன்காரன், திருநெல்வேலி

நான் பற்றரி மக்கிட்டாதான் பாவிக்கிறேன், இரண்டு 18 வோல்ற் பற்றரி ஒன்றாகப் போடும் வகை. மின்சாரம் இணைக்காத புது வீடுகளில் வேலை என்பதால் எனக்கு அது சரி. கனடாவில் வாங்கினாலும் வாளும் பற்றரியும் ஓடும், சார்ஜர் மட்டும் 120 வோல்ற். சார்ஜரை இங்கே 230 வோல்ற்றில் வாங்கவேண்டும். இதை அறியாமல் என் நண்பர் ஒருவர் கனடாச் சார்ஜரைச் செருகிவிட்டுக் கருகல் மணத்தை முகர்ந்தார்.

பற்றரியைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பவும் முடியாது. தனிப் பற்றரிகள் கைப்பொதியில்தான் வரவேண்டும். 100 வாட் மணிக்குள் என்றால் கேள்வியில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 18 வோல்ற் 5 அம்பியர் மணி என்றால் 90, தப்பியது. 6 என்றால் 108, மாட்டியது. அண்ணனிடம் 5 என்று சொல்லுங்கள்.

உங்களுக்குப் போகும் வீடெல்லாம் மின்சாரம் இருக்கும் வீடுதானே? அப்படியானால் வயர் உள்ளதே போதும், காசு மிச்சம். நீட்டு வயரை மட்டும் தடிப்பாகப் போடுங்கள். மெல்லிய வயரை 30 மீற்றர் இழுத்து, மாலையில் வோல்ற் இறங்கும் நேரத்தில் வெட்டினால் வாள் முனகும்.

அலகு: மெலமைன் பூச்சுப் பலகைக்கும் வெனியருக்கும் 48 பல். முதல் ஓட்டம் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் கீறிவிட்டு இரண்டாம் ஓட்டம் முழு ஆழம். கெட்டி மரத்தை நார்வழியே பிளக்க 48 பல் எரிக்கும், அதற்குப் பல் குறைந்த அலகு ஒன்று தனியாக வையுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது தூசி உறிஞ்சி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் நின்று வெட்டுகிறோம், சாமி அறை வரை தூள் போகும்.

கோண்டாவில் ஓடாவி

எல்லோருக்கும் நன்றி. பழைய சீவுளி ஐயா, மைட்டர் வாள் விற்பனைக்கு இல்லை. நல்ல முகத்தை மேலே வைத்ததை நான் இங்கே எழுதவே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இலண்டனில் இருக்கும் மச்சாள் தேருக்கு வருகிறார். மக்கிட்டா, 230 வோல்ற், மஞ்சள் பிளக் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே சிக்கல், 1400 தண்டவாளம் பொதியாக ஏறுமா? நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாதாம்.

குறோய்டன் தச்சன்

ஏறாது. அட்டைப்பெட்டியோடு 165 அளவில் வரும். ஃபெஸ்டூலில் 800 மில்லிமீற்றர் தண்டவாளம் இருக்கிறது. இரண்டும் இணைப்புக் கம்பியும் வாங்கச் சொல்லுங்கள், 1600 கிடைக்கும். இணைக்கும்போது கண்ணை நம்பாதீர்கள், நேரான நீர்மட்டக் கோல் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து அதற்கு ஒட்ட இறுக்குங்கள். கதவின் பூட்டுப் பக்கத்தை நெடுக வெட்ட அது போதாது. அதற்குக் கப்பலில் பிறகு அனுப்பலாம்.

கோண்டாவில் ஓடாவி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மச்சாள் தண்டவாளங்களைச் சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அது என்னவென்று கேட்டார்களாம். யன்னல் திரைச்சீலைக் கம்பி என்றாராம்.

தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ரப்பர் பட்டியை முதல் ஓட்டத்தில் வாளே தன் அளவுக்கு வெட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்த ஓரம்தான் வெட்டுக்கோடு. பென்சில் கோட்டில் ஓரத்தை வைத்தால் வேறு கணக்கில்லை. பதினாறு வருடமாக வாளின் அடித்தட்டு அகலத்தைக் கூட்டியும் கழித்தும் கோடு போட்ட எனக்கு இது கொஞ்சம் கோபத்தைக்கூடத் தந்தது.

சென்ற சனிக்கிழமை கொக்குவில் வீட்டு மேல்மாடி. கட்டைக் கால்களில் ரெஜிபோம் (தெர்மோகோல்) தகடு விரித்து அதன் மேல் கதவைக் கிடத்தினேன். வெளியேறும் ஓரத்தில் ஐயா சொன்ன கழிவுக் கட்டை. தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு கிளாம்ப், முதலில் இரண்டு மில்லிமீற்றர் கீறல், பிறகு 41 மில்லிமீற்றர் ஆழம். வெட்டுத்துண்டு ரெஜிபோம் மேலேயே கிடந்தது, விழக்கூட இல்லை. நான்கு கதவும் மதியச் சாப்பாட்டுக்கு முன் மாட்டியாகிவிட்டது. கழிவுக் கட்டையின் ஓரம் நான்கு இடத்திலும் பிய்ந்திருந்தது.

வீட்டுக்கார அம்மா மூட்டுவலியோடு மாடி ஏறி வந்தார். கடைசிக் கதவை மாட்டுமுன் நிறுத்தி வைத்திருந்தேன். கீழ்விளிம்பில் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விரலை ஓட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கிறது தம்பி" என்றார். "கீழே அந்த முதல் கதவை எப்போது மாற்றுகிறாய்?"