ஃபைபர் படகில் விஎச்எஃப் செட்டும் ஆன்டெனாவும் பொருத்துவது பற்றி

காட்பாடி ஒயரிங் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் லாரி, டிராக்டர்களுக்கு ஒயரிங் வேலை செய்து வருகிறேன். தங்கையைப் பழவேற்காட்டில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அங்கே ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி டாக்கியில் சிறிது தூரம் போனதுமே கரையோடு பேச்சு அறுந்துவிடுகிறது என்பதால், 25 வாட் கடல்சார் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோ செட் ஒன்றை வாங்கி, அதைப் பொருத்திக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். 12 வோல்ட் வேலை எனக்குக் கைவந்தது; ஆன்டெனா வேலை புதிது. ஜீப்பில் போடும் குட்டை ஆன்டெனா போதுமா? கடையில் மீந்து கிடக்கும் டிஷ் கேபிளைப் பயன்படுத்தலாமா? எடுத்துப் போவதற்கு முன் இங்கேயே ஒருமுறை பேசிப் பார்த்துவிடலாமா? படகில் கூரை கிடையாது. பின்பக்கம் விளக்குக்காக ஓர் இரும்புக் குழாய் நிறுத்தியிருக்கிறார்கள்.

குடியாத்தம் மாலுமி எழுதியது:

கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: செட்டுக்குச் செலவழித்தாயிற்று, இனி ஆன்டெனாவிலும் கேபிளிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடல்சார் விஎச்எஃப் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், பூமியின் வளைவே அதற்கு எல்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்த வாக்கி டாக்கிக்கு அது 4 கிலோமீட்டர் சொச்சம். 4 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு 8. எதிர்முனைக்கும் இப்படியே கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். கரையில் 25 மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் பங்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆக உங்கள் மாப்பிள்ளைக்கு 28 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். குட்டை ஆன்டெனாவைப் படகின் அடித்தட்டில் வைத்துவிட்டு வாட்டை மட்டும் ஐந்து மடங்காக்கினால் இந்தக் கணக்கு மாறாது.

ஜீப் ஆன்டெனா பெரும்பாலும் கால் அலைநீள வகை. இந்த அலைவரிசைக்கு அது சுமார் 48 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தன் மறுபாதியாக வண்டியின் தகரத்தை அது பயன்படுத்திக்கொள்கிறது. ஃபைபரில் அந்தத் தகரம் ஏது? ஆகவே தரைத்தளம், அதாவது அடியில் அப்படி ஒரு தகரம், கேட்காத அரை அலைநீள ஆன்டெனா, 3 டெசிபெல் (சக்தி கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) என்று குறித்து விற்கப்படும், ஒரு மீட்டர் அளவிலான கடல்சார் ஆன்டெனா வேண்டும். 6 டெசிபெல் ஆன்டெனா இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ராகி உருண்டையைத் தட்டினால் அடையாகப் பரவுவதுபோல, அது சக்தியைத் தட்டையாக்கித் தொலைவுக்கு அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் அலையில் ஆடும் சிறு படகில் அந்த அடை ஒரு நொடி வானத்தையும் மறு நொடி தண்ணீரையும் நோக்கும்.

டிஷ் கேபிள் 75 ஓம். செட்டும் ஆன்டெனாவும் 50 ஓம், இரண்டும் பொருந்தாது. அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் நீளத்தில் சுமார் 2 டெசிபெல்லைத் தின்றுவிடும். அதாவது 25 வாட்டில் 16 வாட்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 என்றால் 20 வாட்டாவது சேரும்.

வேலூர் ஹாம் எழுதியது:

இங்கே பேசிப் பார்க்க வேண்டாம். கடல்சார் சேனல்களில் உரிமம் இல்லாமல் நிலத்திலிருந்து ஒலிபரப்புவது குற்றம். அதிலும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. ஆன்டெனா இணைக்காமல் மைக்கை அழுத்தினால் செட்டின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கிவிடும் 50 ஓம் டம்மி லோடு ஒன்றை மாட்டி, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது, சூடாகிறதா என்று உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். ஆன்டெனாவைப் படகில் நிறுத்திய பிறகு, உரிமத்தோடு, ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை இடையில் வைத்துப் பாருங்கள். 1.5க்குள் இருந்தால் நிம்மதி. 2ஐத் தாண்டினால் முதலில் கேபிள் முனையில் உள்ள பிளக்கைச் சந்தேகியுங்கள். ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களான எங்கள் 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை யாராவது இனாமாகக் கொடுத்தாலும், நீளம் பொருந்தாது என்பதால், வாங்கிப் போட வேண்டாம்.

அந்த இரும்புக் குழாய்க்கு இணையாக, பக்கத்திலேயே ஆன்டெனாவைக் கட்டாதீர்கள். குழாயின் உச்சிக்கு மேல் ஆன்டெனாவின் அடி வருமாறு கிளாம்பு போடுங்கள். பிஎல்-259 பிளக்கில் பின்னல் கம்பியின் ஓர் இழை நடுஊசியைத் தொட்டாலே ஷார்ட். ஆன்டெனா முனை பிளக்கைக் கடையிலேயே ஈயம் வைத்து முடித்துவிட்டு, செட் பக்கத்து முனையை வெறுமனே விட்டு எடுத்துப் போங்கள். அப்போதுதான் தட்டில் கேபிள் அளவுக்கு மட்டும் துளை போட்டால் போதும். படகில் வீட்டுக் கரண்ட் இருக்காது என்பதால் கேஸ் சால்டரிங் அயர்ன் கொண்டு போங்கள்.

அரக்கோணம் எழுதியது:

உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் பெற வேண்டும். செட்டில் சிவப்பு மூடி போட்ட டிஎஸ்சி பொத்தான் (ஆபத்து அழைப்பைத் தானாக அனுப்புவது) இருந்தால், படகின் அடையாளமான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணைப் பதித்தால்தான் அது வேலை செய்யும். இந்திய எண்கள் 419 என்று தொடங்கும். பெரும்பாலான செட்டுகளில் அந்த எண்ணை ஓரிரு முறைதான் பதிக்க முடியும் என்பதால் விளையாட்டாக எதையும் அடித்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் இணைப்பும் கொடுத்துவிட்டால், பொத்தானை அழுத்தும்போது சேனல் 70 வழியாகப் படகின் இடமும் சேர்ந்து போகும். செல்போன் எட்டும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கவே இருக்கிறது.

காட்பாடி ஒயரிங் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பேட்டரி முன்பக்கப் பெட்டியில் இருக்கிறது, செட் பின்னால் வருகிறது. இடையே 5 மீட்டர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் தாங்குமா?

குடியாத்தம் மாலுமி எழுதியது:

சூடாகாமல் தாங்கும், ஆனால் போதாது. பேசும்போது செட் 6 ஆம்பியர் வரை இழுக்கும். போக வர 10 மீட்டரில் 1.5 ஸ்கொயர் ஒயர் 0.7 வோல்ட்டை விழுங்கும். பேட்டரி சற்று இறங்கியிருந்தால் கேட்பது நன்றாகக் கேட்கும், பேச அழுத்தினால் மட்டும் செட் அணையும். 4 ஸ்கொயர் போடுங்கள், இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். வெறும் செம்பு உப்புக்காற்றில் களிம்பேறி ஸ்லீவுக்குள்ளேயே கறுத்துவிடும் என்பதால் ஈயப்பூச்சுள்ள ஒயராகப் பாருங்கள். ஃபியூஸைச் செட்டின் பக்கத்தில் வைக்காமல் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே வையுங்கள். ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டியை இழுக்கும், ஆகவே செட்டை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள்.