ஹியூகோவில் குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டும் ஸ்கிரிப்ட்: கேடெக் தாறுமாறாக வருகிறது, மெர்மெய்ட் வரவே இல்லை

கணக்கு டீச்சர்:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடக் குறிப்புகளை ஹியூகோவில் (இணையதளம் உருவாக்கும் மென்பொருள்) போட்டு வருகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒரே போனில்தான் படிக்கிறார்கள். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் பக்கம் திறப்பதற்குள் படிக்கிற ஆசையே போய்விடும். அதனால் சமன்பாடு உள்ள பக்கத்துக்கு மட்டும் அதை வடிவாகக் காட்டும் கேடெக் ஸ்கிரிப்ட், வரைபடம் உள்ள பக்கத்துக்கு மட்டும் அதை வரையும் மெர்மெய்ட் ஸ்கிரிப்ட் என்று பிரித்தேன். தேர்வு அட்டவணை பார்க்க வருகிற பிள்ளைக்கு இரண்டுமே தேவையில்லை.

சமன்பாடு உள்ள பாடங்களின் பிரண்ட் மேட்டரில் (ஃபைலின் மேலே வரும் விவரப் பகுதி) "மேத்: ட்ரூ" என்று எழுதியிருக்கிறேன். தீமின் ஹெட் பார்ஷியலில் (பக்கத்தின் ஹெட் பகுதியை உருவாக்கும் டெம்ப்ளேட் துண்டு) ஒரு இஃப் நிபந்தனை, அதற்குள் கேடெக்கின் சிஎஸ்எஸ்ஸும் ஜேஎஸ்ஸும். மெர்மெய்டுக்கு வேறு வழி: கோட் பிளாக் ரெண்டர் ஹூக் (கோட் பிளாக்கை ஹெச்டிஎம்எல்லாக மாற்றும் டெம்ப்ளேட்) ஓடும்போது, அந்தப் பக்கத்துக்கான தற்காலிகச் சேமிப்பான பேஜ் ஸ்டோரில் "படம் உண்டு" என்று குறித்துவைத்து, அதே ஹெட் பார்ஷியலில் படிக்கிறேன்.

கலப்பு எண்கள் பாடத்தில் டி மாய்வர் தேற்றம் ஒரு பில்டில் (தளத்தை உருவாக்கும் ஓட்டம்) அழகாக வருகிறது. எதையும் தொடாமல் மறுபடி பில்ட் செய்தால் அதே இடத்தில் சமன்பாட்டைச் சுற்றி எழுதிய டாலர் குறிகள் அப்படியே நிற்கின்றன. இன்னொரு முறை தேர்வு அட்டவணையில்கூட கேடெக் ஏறிவிடுகிறது. மெர்மெய்டோ எந்தப் பக்கத்திலும் இல்லை. நாணயம் சுண்டும் மர வரைபடம் வெறும் எழுத்தாகத்தான் தெரிகிறது. இஃப் நிபந்தனையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

குமரிமுனை:

எல்லாப் பக்கத்திலும் போட்டுவிடுங்களேன் டீச்சர். ஒரு தடவை இறங்கினால் கேஷில் இருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டைப் பக்கம் படித்து முடிந்த பிறகு ஓட்டும் டிஃபர் குறியைச் சேர்த்தால் பக்கம் திறப்பதும் தடைபடாது.

வலைத்தச்சன்:

குமரிமுனை சொல்வதை இந்த இடத்தில் நான் ஏற்க மாட்டேன். கேஷில் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் போன் அந்த ஜேஎஸ்ஸைப் படித்து ஓட்டியாக வேண்டும். மெர்மெய்ட் சுருக்காத நிலையில் எம்பி கணக்கில் வரும்; விலை குறைந்த போனில் அது நன்றாகவே தெரியும். டீச்சர் பிரித்து வைக்க நினைத்ததுதான் சரி.

இஃப்பில் கோளாறு இல்லை. தீமின் பேஸ்ஆஃப் ஃபைலை (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அடிப்படை டெம்ப்ளேட்) திறந்து, ஹெட்டை எப்படி அழைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "பார்ஷியல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பார்ஷியல்கேஷ்டு" என்று இருந்தால் கதை புரிந்துவிடும். பில்ட் வேகமாக முடியட்டும் என்று பல தீம்களில் அப்படி எழுதுவார்கள். முதலில் அழைக்கிற பக்கத்துக்குக் கிடைத்த விடையைச் சேமித்து, மீதி எல்லாப் பக்கத்துக்கும் அதையே அது கொடுத்துவிடும். ஹியூகோ பக்கங்களை வரிசையாக அல்ல, ஒரே நேரத்தில் பலவாக ரெண்டர் செய்கிறது. அதனால் எது முந்தும் என்பது பில்டுக்கு பில்ட் மாறும். தேர்வு அட்டவணை முந்தினால் யாருக்கும் கேடெக் இல்லை. கலப்பு எண்கள் முந்தினால் எல்லோருக்கும் உண்டு.

மெர்மெய்ட் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டெம்ப்ளேட் மேலிருந்து கீழாக ஓடுகிறது. கன்டென்ட்டைக் கேட்கிற வரியை எட்டும்போதுதான் மார்க்டவுன் (நீங்கள் பாடம் எழுதும் எளிய எழுத்து வடிவம்) ரெண்டர் ஆகும், ஹூக்கும் அப்போதுதான் ஓடும். ஹெட் அதற்கு வெகு முன்னால் முடிந்துவிடுகிறது, ஸ்டோரில் அந்த நேரம் ஒன்றுமே இருக்காது.

ஸ்கிரிப்ட் வரிகள் எல்லாவற்றையும் ஹெட்டிலிருந்து எடுத்துத் தனிப் பார்ஷியலாக வையுங்கள். பாடி டேக் மூடுவதற்குச் சற்று முன்னால், கேஷ் இல்லாத சாதாரண "பார்ஷியல்" கொண்டு அழையுங்கள். தீம் ஃபோல்டரைத் தொட வேண்டாம். பேஸ்ஆஃபை உங்கள் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் அதே பாதையில் நகல் வைத்து மாற்றினால் போதும், ஹியூகோ அதைத்தான் எடுக்கும். கேடெக்கும், பக்கத்தில் சமன்பாடுகளைத் தேடி அதனிடம் கொடுக்கும் ஆட்டோ-ரெண்டரும் டிஃபரோடு இருக்கட்டும். இறங்கியவுடனே ஓட்டும் அசிங்க் குறியைப் போட்டால் வரிசை மாறி, ஆட்டோ-ரெண்டர் முந்திக்கொள்ளலாம்.

சிஎஸ்எஸ் ஹெட்டில்தான் இருக்க வேண்டும் என்றால், பார்ஷியல்கேஷ்டுக்கு மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாக அந்த மேத் குறியைக் கொடுங்கள். குறி உள்ளவற்றுக்கு ஒன்று, இல்லாதவற்றுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமிக்கும்.

கணக்கு டீச்சர்:

பார்ஷியல்கேஷ்டுதான் சார்! நீங்கள் சொன்னபடி மாற்றியதும் ஒவ்வொரு பில்டிலும் ஒரே மாதிரி வருகிறது, மர வரைபடமும் வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஸ்கிரிப்ட் ஒழுங்காக வந்த பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அணிகள் பாடத்தில் மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட அணி, ஒரே நிரையாக நீண்டு திரைக்கு வெளியே ஓடுகிறது. பிள்ளைகள் இதைப் பார்த்தால் தப்பாகவே எழுதிப் பழகுவார்கள்.

இரவுப்பணி:

நிரை முடிவில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டிருப்பீர்கள். மார்க்டவுனுக்கு அது "ஒரு பின்சாய்வுக் கோட்டைக் காட்டு" என்று பொருள், அதனால் ஒன்றை எடுத்துவிடுகிறது. கேடெக்குக்கு ஒன்றுதான் போய்ச் சேருகிறது. அது வெறும் இடைவெளி, புது நிரை அல்ல. கான்ஃபிக்கில் கோல்ட்மார்க்கின் (ஹியூகோவில் மார்க்டவுனை மாற்றும் பகுதி) பாஸ்த்ரூ எக்ஸ்டென்ஷனை இயக்கி, இரட்டை டாலரை எல்லைக் குறியாகக் கொடுங்கள். உள்ளே இருப்பதை மார்க்டவுன் அப்புறம் தொடாது. அடிக்கோடுகள் சாய்வெழுத்தாக மாறுவதும் நின்றுவிடும்.

ஹியூகோ 0.132 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், சமன்பாட்டுக்கு ஜேஎஸ்ஸே தேவையில்லை. பாஸ்த்ரூ ரெண்டர் ஹூக் எழுதி, அதில் டிரான்ஸ்ஃபார்ம் டூமேத் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். கேடெக் ஹியூகோவுக்குள்ளேயே இருக்கிறது, பில்ட் நேரத்திலேயே சமன்பாட்டை மாற்றிக் கொடுத்துவிடும். பிள்ளைகளின் போனுக்கு வேலையே இல்லை.

எதுவும் சொல்லாவிட்டால் அது மேத்எம்எல் (பிரவுசரே சமன்பாடாகக் காட்டும் குறிமொழி) மட்டும் கொடுக்கும், அதற்கு சிஎஸ்எஸ்கூட வேண்டாம். ஆனால் குரோமில் மேத்எம்எல் வந்தது 2023 ஜனவரியில், 109ஆம் பதிப்பில்தான். வீடுகளில் அதைவிடப் பழைய குரோம் கொண்ட போன்கள் இருந்தால், அவுட்புட்டை ஹெச்டிஎம்எல், மேத்எம்எல் இரண்டும் வருமாறு வையுங்கள். அப்போது கேடெக் சிஎஸ்எஸ் தேவைப்படும். ஏற்கெனவே நீங்கள் எழுதி வைத்திருக்கிற "மேத்: ட்ரூ" அதற்கு அப்படியே உதவும்.