டெனனா யமஹாவா, மட்டக்களப்பு கல்லடி வீட்டுக்கு எது?

கேள்வி: டெனன் எக்ஸ்1800எச், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ ரெண்டு ரிசீவர்ல (ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப் பெட்டி) எதை எடுக்கலாம்? 5.1 செட் (5 ஸ்பீக்கர், 1 சப்வூஃபர்), 12க்கு 14 அடி ஹோல், டைல்ஸ் தரை.

பதில்: தம்பி, 8 ஓம் ஸ்பீக்கருக்கு டெனன் 80 வாட், யமஹா 100. அதுவும் ரெண்டு சனல் ஓடக்குள்ள மட்டும். வித்தியாசம் 1 டெசிபல்தான், காதுக்கு விளங்காது. உங்கட பிரச்சினை டைல்ஸ் எதிரொலி. முதல்ல ஒரு தடிச்ச கார்ப்பெட் போடுங்க. டெனன்ல ஆடிசி எண்டு அறைக்கேத்த மாதிரி சத்தத்தைச் சரிபண்ற வசதி இருக்கு, அதுட மைக்கை 8 இடத்துல வச்சு அளக்கலாம். கதிரையில சாத்தாம ஸ்டாண்ட்ல காது உயரத்துக்கு வைங்க, ஃபேனை நிப்பாட்டுங்க. மறுகா ஸ்பீக்கர் 'லார்ஜ்' எண்டு வந்திருந்தா 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸ்ல வைங்க, அதுக்குக் கீழ உள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போகும். நான் எண்டா டெனன்.

பதில்: வாங்க முதல் பின்பக்க லேபலைப் பாருங்க. 120 வோல்ட் செட்டை நம்மட 230ல நேரா குத்தினா பவர் சப்ளை போயிரும்.

பதில்: கல்லடி கடல்காத்துக்கு ஸ்பீக்கர் வயர் நுனி பச்சை பிடிக்கும். அரை அங்குலம் வெட்டி, புதுசா உரிச்சுப் பூட்டுங்க.