ஐபி ஸ்கேனரில் சிவப்பு, ஆனால் அந்தக் கணினியில் இணையம் ஓடுகிறது. ஏன்?

கேள்வி (கல்லடி)
வணக்கம். சின்னப் போட்டோகொப்பிக் கடை. இரண்டு கணினி, ஒரு வைஃபை பிரிண்டர், எல்லாம் ஒரே ரூட்டரில். பிரிண்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்கிறது. ஆங்ரி ஐபி ஸ்கேனர் (நெட்வொர்க்கில் எந்தெந்த ஐபி முகவரி பதில் தருகிறது என்று பார்க்கும் மென்பொருள்) போட்டு 192.168.1.1 முதல் 254 வரை தேடினேன். முந்தநாள் 7இல் இருந்த பிரிண்டர் இன்று 12இல் நிற்கிறது. இரண்டாவது கணினிக்கு (192.168.1.5) சிவப்புப் புள்ளி. ஆனால் அதில் ஒரு பிள்ளை அந்த நேரமே ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தது! இன்னொன்று, எங்கள் ஐபியைத் தளமொன்றில் தேடினால் கொழும்பு என்கிறது. வேறு யாரும் எங்கள் லைனைப் பாவிக்கிறார்களா?

பதில் (காத்தான்குடி)
ஃபயர்வால்தான். ஓஃப் பண்ணிப் பாருங்க.

பதில் (கல்முனை)
ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) என்று காத்தான்குடி நானா சொன்னது சரி. ஆனால் முழுதாக ஓஃப் பண்ண வேண்டாம், ஊரார் வந்து பாவிக்கிற கணினி அது.

சிவப்பு என்றால் பிங்குக்கு ('இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்திக்கு) பதில் வரவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபயர்வால் பெரும்பாலும் பிங்கைப் பேசாமல் விழுங்கிவிடும். முதல் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 192.168.1.5ஐப் பிங் பண்ணுங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் ஆள் இருந்தும் வாய் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். உங்கள் சொந்த ஐபியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் அந்த முகவரியில் யாருமே இல்லை. உடனே அதே இடத்தில் 'ஆர்ப் -ஏ' (arp -a) அடியுங்கள். 5க்கு நேரே மேக் முகவரி (கருவியின் சொந்த அடையாள எண்) தெரிந்தால் கணினி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் அந்தக் கணினியின் ஃபயர்வாலில், உள்வரும் விதிகளில், ஐசிஎம்பி எக்கோ ரிக்வெஸ்டை (பிங்கின் கேள்வி அதுதான்) பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதியுங்கள்.

பிரிண்டரின் ஐபி மாறுவது ரூட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் முறை) வேலை. அதன் மேக் முகவரிக்கு ஒரே ஐபியை ரூட்டரில் ஒதுக்கிவிடுங்கள்.

கொழும்புக்குப் பயப்பட வேண்டாம். அந்தத் தளங்கள் காட்டுவது, அந்த ஐபித் தொகுதிக்கு அவர்களின் தரவுத்தளத்தில் பதிந்திருக்கும் இடத்தை. கடை எங்கே என்று அதற்குத் தெரியாது. ரூட்டரின் வெளி ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். அதுவும் வழமைதான்.

கல்லடி
டைம்ட் அவுட்தான் வந்தது, ஆர்ப்பில் மேக் தெரிந்தது. விதியைத் திறந்ததும் சிவப்புப் போய்விட்டது. பிரிண்டருக்கு 20ஐ ஒதுக்கினேன், பிங் போகிறது, ஆனால் இன்னும் 'ஆஃப்லைன்'.

கல்முனை
விண்டோஸில் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ், போர்ட்ஸ் பாருங்கள். பழைய 7 இருக்கும். 20க்குப் புது டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து அதைத் தெரிவுசெய்யுங்கள். மற்றக் கணினியிலும் செய்யவேண்டும்.