பாட்டி வீட்டுக் குழு: ஞாயிறு பிரியாவின் வளைகாப்பு

புதன், காலை 9.06

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பாவை மூக்கில் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. நேற்று சம்பலுக்குப் பெலாச்சான் (இறால் விழுது) சுட்டபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னலைச் சாத்தினார். எனக்கு வாடையே இல்லை. திங்களிலிருந்து தொண்டையும் கரகரப்பு.

மணி: சளி

மணி: ஆவி பிடி

பிரியா: அம்மா, டெஸ்ட் எடுத்தீர்களா?

செல்வி: கிட் இல்லை. அப்பா ஃபார்மசிக்குப் போயிருக்கிறார்.

காலை 9.51

செல்வி: இரண்டு கோடு

தினேஷ்: ஆறு மாதத்துக்கு முன் பிரியாவும் இதே மாதிரி படம் போட்டாள்

பிரியா: சும்மா இரு லா

சாந்தி: ஐயோ அக்கா

கவிதா: பெரியம்மா, மூக்கு அடைத்திருக்கிறதா?

செல்வி: இல்லையே. மூச்சு நன்றாகப் போகிறது. ஒழுகக்கூட இல்லை.

கவிதா: அதுதான் வித்தியாசம். சாதாரணச் சளியில் மூக்கு அடைத்துக்கொண்டு வாசனை போகும். கோவிட்டில் மூக்கு திறந்தே இருக்கும், வாசனை மட்டும் திடீரென்று காணாமல் போகும். மூக்கின் உச்சியில் வாசனை நரம்பைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் இருக்கின்றன. வைரஸ் பெரும்பாலும் அவற்றில்தான் புகுகிறது, நரம்பில் இல்லை. அந்தச் செல்கள் திரும்ப வளர்ந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வாசனை வந்துவிடும், பயப்படாதீர்கள். 2020, 2021-இல் கோவிட் வந்தவர்களில் பாதிக்குப் பக்கம் இப்படி ஆனது. ஒமிக்ரானுக்குப் பிறகு அது குறைந்து தொண்டை வலி முன்னால் வந்துவிட்டது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. உப்பு, புளிப்பு தெரிகிறதா?

செல்வி: உப்பு கரிக்கிறது. புளி புளிக்கிறது. ஆனால் புளியா எலுமிச்சையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கவிதா: அப்போ நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. எது புளி, எது எலுமிச்சை என்று பிரித்துச் சொல்வது மூக்கு. இன்னொன்று, அடுப்பை விட்டு நகராதீர்கள். காஸ் தோங்கில் (சிலிண்டரில்) வாடை சேர்ப்பதே கசிந்தால் தெரிவதற்காகத்தான். இப்போது உங்களுக்கு அது தெரியாது. பெரியப்பாவை முகரச் சொல்லுங்கள்.

மணி: (பலமுறை பகிரப்பட்டது) வெந்நீரில் ஓமம், மஞ்சள், கற்பூரம் போட்டு தினமும் ஐந்து முறை ஆவி பிடித்தால் வைரஸ் மூக்கிலேயே அழிந்துவிடும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

கவிதா: அழியாது பெரிய மாமா. ஆவி கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சட்டி கவிழ்ந்தால் தொடை வெந்துவிடும்.

மணி: நம் பாட்டி செய்தது

தினேஷ்: பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லையே அப்பா

செல்வி: கவிதா! கோடாலித் தைலம் தெரிகிறது! சுள்ளென்று ஏறியது

கவிதா: அது வாசனை இல்லை பெரியம்மா. அந்தக் குளிர்ச்சியும் சுள்ளென்பதும் முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு வழியாகப் போகிறது. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிகிறதே, அதே நரம்பு. வாசனை வராவிட்டால் மூக்குக்குப் பயிற்சி உண்டு. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து ஹும்மல் என்ற டாக்டர் 2009-இல் செய்து காட்டியது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும், அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே. மூன்று மாதமாவது விடாமல்.

செல்வி: மூன்று மாதமா

சாந்தி: எனக்கு 2021-இல் வாசனை திரும்பி வந்தது, தப்பாக வந்தது. கோப்பி டயர் எரிகிற மாதிரி. வெங்காயம் வதக்கினால் குமட்டும். இறைச்சி பக்கமே போக முடியவில்லை.

கவிதா: ஆமாம், அப்படிச் சிலருக்கு வரும். நரம்பு தேறும் வழியில் இணைப்புத் தாறுமாறாகிவிடும் என்கிறார்கள். கோப்பி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி, இவைதான் முதலில் மாட்டும். அம்மாவுக்கு முழுதாகச் சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

செல்வி: லாக்டவுனுக்குப் பிறகு மாநில எல்லை திறந்ததும் என் வீட்டுக்கு வந்து, ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தொடாமல் வெறும் தயிர்ச்சோறு சாப்பிட்டாயே. அதற்கா?

சாந்தி: அதற்குத்தான். அன்றைக்கே சொன்னேன். கோலாலம்பூர் போனதும் நாக்கு மாறிவிட்டது என்று நீ எல்லாரிடமும் சொன்னாய்.

செல்வி: நான் மட்டுமா சொன்னேன். அண்ணனும்தான்.

மணி: அதை இப்போது எடுக்காதீர்கள்

சாந்தி: அப்பாவை செப்டம்பரில் வீடியோவில் வழியனுப்பினேன் அண்ணன். எல்லை அக்டோபர் 11-இல்தான் திறந்தது. ஓடி வந்தால் சோற்றைப் பற்றிப் பேச்சு.

சாந்தி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

காலை 10.34

வாணி: இடையில் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவருக்கு நேற்றுக் காலையிலிருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறதாம், உள்ளே உய்யென்று சத்தம். போன வாரம் காய்ச்சல், டெஸ்ட் எடுக்கவில்லை. காதுக்கும் கோவிட் போகுமா?

முருகேசன்: ஒன்றும் இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும்.

மணி: பூண்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விடு

கவிதா: வேண்டாம்

கவிதா: காதில் எதையும் விடாதீர்கள்

கவிதா: சின்ன மாமா, வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று சொல்லுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது?

தினேஷ்: எனக்கு இரண்டிலும் சமம்

பிரியா: உன்னை யார் கேட்டார்கள்

முருகேசன்: வலது

கவிதா: அடைத்திருப்பது இடதுதானே?

வாணி: இடது. இரண்டு முறை சொல்லச் சொன்னேன், வலதுதான் என்கிறார். நேற்று இடது பக்கம் போனை வைத்துக்கொண்டு யாரும் பேசவில்லை என்று வைத்துவிட்டார்.

கவிதா: எல்லாரும் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு ம்ம்ம் சொல்லிப் பாருங்கள். அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். தண்ணீர், குறும்பி, சளி எது அடைத்தாலும் அப்படித்தான். மாமாவுக்கு நல்ல காதுப் பக்கம் போகிறது, அப்படியென்றால் உள்காது மந்தமாகியிருக்கலாம். இது வீட்டுச் சோதனை. கேட்கும் திறன் டெஸ்ட் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் ஒரு காது திடீரென்று போனால் காத்திருக்கக் கூடாது. எங்கள் கிளினிக்குக்கு ஒரு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மாமாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும், அதனால் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு, வேறு வைரஸாலும் வரும். காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தலை சுற்றுகிறதா?

வாணி: காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார்

முருகேசன்: அதையெல்லாம் ஏன் எழுதுகிறாய்

முருகேசன்: வெள்ளிக்கிழமை லீவு. அன்று போகிறேன்.

கவிதா: இன்றைக்கே மாமா

சாந்தி: முருகா, பிள்ளை சொல்வதைக் கேள்

தினேஷ்: சித்தப்பா, மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். பாயான் லெப்பாஸிலிருந்து நேராக வருகிறேன்.

கவிதா: மூன்றரை வரை எதற்கு? கிராப் டாக்சி எடுங்கள். மாமா வண்டி ஓட்ட வேண்டாம், தலை சுற்றுகிறது. ஜி.எச். அவசரப் பிரிவுக்குப் போய், "நேற்றிலிருந்து திடீரென்று ஒரு காது கேட்கவில்லை" என்று முதலில் அதைச் சொல்லுங்கள் அத்தை. காது அடைப்பு என்று சொன்னால் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் இருந்ததையும் சொல்லுங்கள். முகக்கவசம்.

வாணி: சரி

செல்வி: என்னோடுதான் போன வாரம் தண்ணீர்மலைக் கோவிலுக்கு வந்தான். யார் யாருக்குக் கொடுத்தோமோ

மணி: நானும்தான் வந்தேன்

தினேஷ்: அப்பா நீங்களும் கிட் எடுங்கள்

மணி: எனக்கு எல்லா வாசனையும் வருகிறது

காலை 11.02

செல்வி: ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆறு நாள் முடிந்துவிடும். மகளுக்கு முதல் வளையல் நான் போட வேண்டாமா?

கவிதா: தனிமையில் ஐந்து நாள் என்பது குறைந்தபட்சம் பெரியம்மா. சிலருக்கு அதற்குப் பிறகும் பரவும். கர்ப்பமாக இருக்கும்போது கோவிட் வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம், பிரியாவுக்கு ஏழாம் மாதம். சனிக்கிழமை இன்னொரு கிட் எடுங்கள், பார்க்கலாம்.

பிரியா: அம்மா இல்லாமல் எனக்கு வேண்டாம். தள்ளி வைக்கலாம்.

மணி: ஒன்பதாம் மாதத்தில் வைக்கலாம். அதுவும் ஒற்றைப்படைதான்.

பிரியா: என் மாமியார் மண்டபத்துக்குப் பணம் கட்டிவிட்டார்கள் மாமா. அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சாந்தி: எப்படியும் நான் சனிக்கிழமை ரயிலில் பட்டர்வொர்த் வந்துவிடுகிறேன். புளிக்காய்ச்சல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

செல்வி: வெந்தயத்தைக் கருக விடாதே. எனக்கு முகர்ந்து பார்க்க முடியாது.

சாந்தி: தெரியும் அக்கா

வாணி: கிராப் வந்துவிட்டது. சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

கவிதா: மருந்துப் பையும் சர்க்கரைப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை. டாக்டர் பார்த்ததும் என்னைக் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன்.

வாணி: எடுத்துவிட்டேன்

மணி: அப்போ மண்டபத்துக்கு எத்தனை பேர் என்று சொல்வது?